அட்மிஷன் மேசையில் கேட்கும் கேள்வி

பெற்றோர் சொல்வதைப் பள்ளிகள் காதில் வாங்குவதில்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பல வருஷமாக ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். நான் பார்த்த தனியார் பள்ளிகள் எல்லாம் பெற்றோர் கேட்டதை அப்படியே செய்துகொடுத்தவை.

மேற்கு மாவட்டத்து விடுதிப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தபோது, ஆய்வகத்தைக் காட்டச் சொன்ன பெற்றோர் அபூர்வம். “பன்னெண்டாவது போர்ஷனை எப்ப சார் ஆரம்பிப்பீங்க?” அட்மிஷன் மேசையில் இதுதான் கேள்வி. “பதினொண்ணாவதுலயே ஆரம்பிச்சிடுவோம்” என்றால் அப்பா முகத்தில் நிம்மதி வரும், பணம் கட்டிவிடுவார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ப்ளஸ் ஒன் புத்தகம் கட்டுப் பிரிக்காமலே கிடந்தது. நிலை மின்னியலில் மின் இருமுனையின் மீதான திருப்புவிசை நடத்தினேன். ‘பி கிராஸ் இ’ என்று போர்டில் எழுதியதும் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். “சார், நடுவுல எதுக்குப் பெருக்கல் குறி? சும்மா பக்கத்துல பக்கத்துல எழுதினா ஆகாதா?” நியாயமான சந்தேகம். திசையையும் சேர்த்துப் பெருக்கும் வெக்டர் பெருக்கல் ப்ளஸ் ஒன் பாடம், அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பீரியடும் அடுத்த பீரியடும் வலது கை விதிக்கே போனது. சாயங்காலம் முதல்வர் கூப்பிட்டு, “போர்ஷன்ல இல்லாததை ஏன் சார் நடத்துறீங்க? பேரன்ட்ஸ் கேப்பாங்க” என்றார். கேட்கவும் செய்தார்கள். அந்தப் பையனுக்கு என்ன வேண்டும் என்றுதான் யாரும் கேட்கவில்லை.

இந்தத் தாவலை நிறுத்தத்தான் 2018 மார்ச்சில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. நீட்டிலும் ப்ளஸ் ஒன் கேள்விகள் வரவே, “பதினொண்ணாவதை ஒழுங்கா நடத்துறீங்களா?” என்று பெற்றோர் கேட்க ஆரம்பித்தார்கள். பள்ளிகளும் உடனே நடத்தின. பார்த்தீர்களா, எவ்வளவு பணிவு!

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வும் போய்விட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறையட்டும், சந்தோஷம். ஆனால் பொறியியல் கவுன்சிலிங்குக்குக் கட்ஆஃப் போடுவது ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான். நீட் பக்கமே போகாத வீடுகளில் பழைய கேள்வி மறுபடி வரும்.

யோசனை கேட்டு வருகிறவர்களிடம் இப்போது ஒன்று சொல்கிறேன்: அந்தப் பள்ளியில் ப்ளஸ் ஒன் முடித்த இரண்டு பிள்ளைகளின் இயற்பியல் ரெக்கார்டை வாங்கிப் பாருங்கள். தனி ஊசல் சோதனையில் இரண்டு பேருக்கும் கடைசித் தசம இலக்கம் வரை ஒரே அளவீடு இருந்தால், அந்த ஊசலை யாரும் ஆட்டவே இல்லை.