மயக்கத்துக்கு முன்னால் பேச வேண்டியவை

1974இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் தம் மார்பில் கட்டி இருப்பதை அறிந்தபோது, நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தித் திசுவைச் சோதித்து, புற்றுநோய் என்றால் அவர் கண் விழிப்பதற்குள் மார்பகத்தையே அகற்றிவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. சோதனையும் அறுவையும் தனித்தனியே நடக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவும் அதையே பரிந்துரைத்தது. அந்த இடைவெளியில்தான் நோயாளிக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது.

பேசுவதற்கு விஷயமும் இருந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷரின் குழுவினர் மார்பகப் புற்றுநோய் வந்த 1,851 பெண்களை 20 ஆண்டுகள் கவனித்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, மார்பகத்தை முழுவதும் அகற்றியவர்களுக்கும் கட்டியை மட்டும் அகற்றியவர்களுக்கும் ஆயுளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்தவர்களில், கதிர்வீச்சு (பேச்சுவழக்கில் "கரன்ட்") பெறாதோரில் 39.2 விழுக்காட்டினருக்கும் பெற்றோரில் 14.3 விழுக்காட்டினருக்கும் அதே மார்பில் நோய் மீண்டது.

என் அத்தையின் மருத்துவர் இதை மருந்துச் சீட்டின் பின்புறம் படம் வரைந்து விளக்கியபோது, அத்தை கேட்டது ஒன்றுதான்: "வாரத்துக்கு அஞ்சு நாள் கரன்ட் வைக்க என்கூட யாரு டாக்டர் வருவா?" அவர் அதைத் தள்ளிவிடாமல் பேருந்து நேரங்களை விசாரித்தார் (எத்தனை மருத்துவர்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறது என்பது வேறு கதை). முடிவில் அத்தை முழுவதும் அகற்றிக்கொள்ளவே சம்மதித்தார். நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன், அவர் என்னிடம் கேட்கவில்லை.