இடப்பக்கத்து வயலின்கள்

3 பிப்ரவரி 2025, திங்கள்

இடது காது கேட்காமல் போய் ஏழாவது நாள். அதற்குள் ஆலை இரைச்சல்போல் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

4 பிப்ரவரி, செவ்வாய்

நேற்று ஈப்போவில் நெற்றி நடுவில் இசைக்கவையைத் தட்டி வைத்தார் டாக்டர். நடுவில் வைத்த ஒலி வழுக்கிக்கொண்டு வலப்பக்கம் போய்விட்டது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். நரம்பாம். அழுக்கு இல்லையாம், தண்ணீர் இல்லையாம். அப்படியானால் சீனப் பெருநாள் மறுநாள் திறந்திருந்த ஒரே கிளினிக்கில் சொட்டுமருந்து கொடுத்து அனுப்பினார்களே, அது எதற்கு? அந்த மூன்று நாளை யாரிடம் போய்க் கேட்பது?

பிறகு கண்ணாடி அறை. இடது காதில் மலாய்ச் சொற்களைச் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்கள் "மாத்தா" என்றார்கள். நான் "ராஜா" என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள்.

இன்று காலை முதல் பன்னிரண்டு ஸ்டீராய்டு மாத்திரை, ஐந்து மில்லிகிராம் வீதம் அறுபது. சரஸ்வதி எண்ணித் தட்டில் வைத்தாள். மாலையில் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 13.8 மில்லிமோல்.

வாணி ஜெயராம் போய் இன்றோடு இரண்டு ஆண்டு. கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டேன். வலது காதில் வாணி. இடது காதில் அரைச் சுருதி இறங்கிய வேறு யாரோ ஒரு பெண்மணி, தகர டப்பாவுக்குள்ளிருந்து. இருவரும் ஒரே வரியைப் பாடுகிறார்கள். பாதியிலேயே அணைத்துவிட்டேன்.

6 பிப்ரவரி, வியாழன்

மணி மூன்று. இந்த மாத்திரை தூங்க விடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், பசிக்கும் என்றும். இரண்டும் நடக்கின்றன. பிஸ்கட்டைத் தின்றுகொண்டே நோட்டுகளை இறக்கி அடுக்கினேன். மொத்தம் முப்பத்திரண்டு.

முதல் நோட்டு 1979. பெரட்டுக் கணக்கு (ஆள் வருகைப் பதிவு) எழுதுகிற நீளநோட்டு, எஸ்டேட் ஆபீசிலிருந்து அப்பா கொண்டுவந்தது. (கொண்டுவந்தது என்றுதான் எழுதுவேன்.) நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் அந்த வாரம் எனக்குப் பிடித்த பத்துப் பாட்டு, வலப்பக்கம் வானொலித் தரவரிசையின் பத்து. சனிக்கிழமை இரவு தவறாமல் எழுதுவேன். அப்பா இறந்த வாரம்கூட எழுதியிருக்கிறேன், ஒன்பது பாட்டோடு நிறுத்தியிருக்கிறேன்.

விதிகள் முன் அட்டையின் உள்பக்கம் இருக்கின்றன. அந்த வாரத்தில் மூன்று முறையாவது முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். புதுப் பாட்டு நேராக முதலிடத்துக்கு வரக்கூடாது. வானொலியில் முதலிடத்தில் இருக்கிற பாட்டு என்னுடையதில் முதலிடத்தில் இருக்கக்கூடாது.

பதினாறு வயதில் எழுதிய விதி. மூன்றாவதை இன்று பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இன்றுவரை மீறியதில்லை.

8 பிப்ரவரி, சனி

பட்டியல் எழுதவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

தேன்மொழி வந்திருந்தாள். அக்கா மகள், கோலாலம்பூரில் வேலை, தைப்பூச விடுமுறை. வந்ததும் வராததுமாக, "மாமா, இந்தப் பாட்டைக் கேட்டீர்களா? வந்த வேகத்திலேயே கோடிக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள்" என்றாள். பார்த்தார்கள் என்கிறாள், கேட்டார்கள் என்று சொல்லவில்லை பாருங்கள்.

நான் விடவில்லை. இந்தத் தரவரிசை என்பது தொடக்கத்திலிருந்தே யாரோ ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொண்டதுதான். 1952 நவம்பரில் இங்கிலாந்தின் முதல் பட்டியலை எப்படித் தயாரித்தார்கள்? பத்திரிகை ஆபீசிலிருந்து இருபது கடைகளுக்குப் போன் போட்டு, என்னப்பா விற்றது என்று கேட்டார்கள். அமெரிக்காவில் 1991 வரை கடைக்காரர் வாய்ச்சொல்தான் கணக்கு. அந்த ஆண்டு பார்கோடு வைத்து உண்மையாக விற்றதை எண்ணத் தொடங்கியதும் 'கன்ட்ரி' என்கிற கிராமியப் பாட்டும் ராப்பும் திடீரென்று மேலே ஏறின. அதற்கு முந்தின வாரம்வரை அவை விற்காமலா இருந்தன? சொல்வதற்குக் கடைக்காரருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? சுங்கை சிப்புட் பசாருக்குப் பக்கத்தில் கேசட் விற்றவர் 'இந்த வார டாப் 10' என்று அட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதி மாட்டுவார். மூன்றாவது இடத்தில் எப்போதும் யாரும் கேள்விப்படாத ஒரு படம் இருக்கும். எத்தனையோ மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, மேசைக்கு அடியில் பெட்டி பிரிக்காமல் கிடந்த சரக்கு அது. முதலிடத்தில் போட்டால் சந்தேகம் வரும், பத்தாவதில் போட்டால் விற்காது. மூன்றாவது இடத்தின் ரகசியத்தை அந்த மனிதரிடம்தான் கற்றேன்.

"சரி மாமா, உங்கள் பட்டியலை யார் எண்ணினார்கள்?" என்றாள்.

இடது காதுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

11 பிப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

போகாதீர்கள் என்றாள் சரஸ்வதி. போனேன். உறுமி மேளம் வருவது தெரிகிறது, எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. திசை என்பது இரண்டு காதும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிற விஷயம் போலிருக்கிறது. ஒற்றைக் காதுக்கு எல்லாமே வலப்பக்கம். சாலையைக் கடக்கும்போது இடமிருந்து ஒரு மோட்டார்சைக்கிள் என் வேட்டியை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவன் திட்டியிருப்பான், அதையும் சேர்த்து வலப்பக்கத்திலிருந்துதான் கேட்டேன்.

கேட்காத காதுக்கு வலிக்க மட்டும் தெரிகிறது. உறுமியைத் தேய்க்கிறபோது உள்ளே யாரோ ஆணியால் கீறுவதுபோல். பத்து நிமிடத்தில் வீடு திரும்பிவிட்டேன். நாற்பது ஆண்டு கேட்ட உறுமி.

13 பிப்ரவரி, வியாழன்

சர்க்கரை 15.1. பாவக்காய்.

15 பிப்ரவரி, சனி

இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

நேற்று இரவு 'ப்ரியா' படத்துப் பாட்டு ஒன்றைப் போட்டேன். 1978. ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்த் திரைப்பாடல்கள் என்று சொல்வார்கள், எனக்கு வேதம். முன்னிசை வந்தது. குரல் வந்தது. இடையிசையில் வயலின்கள் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. கித்தாரும் டிரம்மும் யாரோ எழுந்து போய்விட்ட நாற்காலிகளுக்கு நடுவில் வாசித்துக்கொண்டிருந்தன. பிறகுதான் உறைத்தது, வயலின்கள் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கின்றன. என் இடப்பக்கம் இல்லை.

பாட்டை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். இரைச்சல் மட்டும். கொதிகலன் நீராவி விடுகிற அதே சத்தம், ஆனால் ஷிஃப்டு முடிவதில்லை.

இன்று காலை கோலாலம்பூருக்குத் திரும்புவதற்கு முன் தேன்மொழி கைப்பேசியைப் பிடுங்கினாள். அமைப்புகளுக்குள் போய் எங்கேயோ தட்டினாள். "மோனோ ஒலி என்று ஒன்று இருக்கிறது மாமா. இரண்டு பக்கத்தையும் கலந்து ஒரே பக்கம் அனுப்பும்." வலது காதில் மாட்டினேன்.

வயலின்கள் வந்துவிட்டன. குரலுக்குப் பின்னால் இடித்துப் பிடித்துக்கொண்டு, எஸ்டேட் லயத்து வரிசைவீட்டில் விருந்தாளி வந்ததுபோல் நெரிசலாக, ஆனால் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். நான் என்ன செய்தேன் என்று எழுதப்போவதில்லை. சரஸ்வதி துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

பஸ் ஏறிய பிறகு தேன்மொழி சொன்ன இன்னொன்று: கடற்கரைப் பையன்கள் (பீச் பாய்ஸ்) என்று ஓர் அமெரிக்கக் குழு, பிரையன் வில்சன் என்பவர் அதற்குத் தலைவராக இருந்தவர். அவருக்கு வலது காது அநேகமாகக் கேட்காது. தரவரிசைகளைக் கலக்கிய அவர் பாட்டுகளை மோனோவில்தான் கலந்தாராம். குறுஞ்செய்தியில் அனுப்பியிருந்தாள், அதோடு இந்த வார முதலிடப் பாட்டும். மோனோவில் கேட்டேன். பாஸ் ஒலி நன்றாகத்தான் இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

மதியம் முழுக்க யோசித்தது வேறு. 1979இல் எங்கள் லயத்தில் இருந்தது ஒரே ஒலிபெருக்கி வைத்த டிரான்சிஸ்டர். மாரியம்மன் கோயில் மரத்தில் கட்டியிருந்ததும் ஒற்றைக் குழல். சம்பள மாதத்துத் திடல் படத்துக்கும் ஒரே பெட்டி. இரட்டை ஒலிபெருக்கி வைத்த பெட்டியை நான் வாங்கியது 1986இல். அப்படியென்றால் 'ப்ரியா'வை வேதம் என்று எழுதியபோது நான் ஸ்டீரியோவைக் கேட்டதே இல்லை. இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று தெரியாமலே பிடித்திருக்கிறது.

பட்டியல் இன்றும் எழுதவில்லை. ஒரே நாளில் மூன்று முறை கேட்ட பாட்டு ஒன்றுதான்.

17 பிப்ரவரி, திங்கள்

மாத்திரை இன்றிலிருந்து எட்டு.

18 பிப்ரவரி, செவ்வாய்

மறுபடியும் மூன்று மணி. சரஸ்வதியும் விழித்துக்கொண்டாள். என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து பழைய நோட்டுகளைப் படித்துக் காட்டினாள். 1983இல் ஆறு வாரம் ஒரு மலாய்ப் பாட்டு; பினாங்கு ஆறுமுகம் சகோதரர்களின் ஆலிகேட்ஸ் குழு. தமிழ்ப் பையன்கள் மலாயில் பாடி நாட்டையே ஆட்டிவைத்த காலம். அந்தச் சகோதரர்களில் லோகநாதன் 2007இல் போய்விட்டார்.

1984க்கு வந்ததும் அவள் குரல் மெதுவானது. ஒரே பாட்டு. முதலிடம், முதலிடம், முதலிடம். பதினொரு வாரம். பன்னிரண்டாவது வாரம் பத்துக்குள்ளேயே இல்லை.

"எந்த ஊரிலாவது இப்படி ஒரு பாட்டு விழுமா?" என்றாள்.

ஆலை எடைமேடைக்கு எதிர் அறையில் செம்பனைக் குலைக் கணக்கு எழுதிய பெண் முணுமுணுத்த பாட்டு அது. எனக்குப் பிடித்ததே இல்லை, சரணத்தில் ஒரு இடம் இழுவையாக இருக்கும். அவளுக்கு ஜொகூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேனா, சரஸ்வதிக்கு முன்பே தெரியுமா, விளங்கவில்லை. நோட்டை மூடினாள்.

"எனக்குப் பிடித்த பாட்டு எந்த நோட்டில் இருக்கிறது?"

எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும். 1990இல் நம் திருமணத்துக்கு முன்னும் பின்னும் வானொலி வாரக்கணக்கில் முதலிடத்தில் வைத்திருந்த பாட்டு. விதிப்படி முதலிடம் கிடையாது. எரிச்சலில் பத்துக்குள்ளும் சேர்க்கவில்லை. வலப்பக்கத்துப் பட்டியலில் மட்டும் இருக்கிறது, என் கையெழுத்தில்தான்.

மூன்றாவது இடத்தில் சரக்கு வைத்தவரைப் பற்றி ஒன்பதாம் தேதி என்ன எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் பார்த்தேன்.

20 பிப்ரவரி, வியாழன்

மலேசியா வாசுதேவன் இறந்த நாள். 2011. பதினான்கு ஆண்டு.

வானொலியில் இரண்டு பாட்டு போட்டார்கள். போதாது. இந்த மண்ணில் பிறந்து, சினிமாக் கனவோடு சென்னைக்குப் போன மனிதர். எஸ்.பி.பிக்குத் தொண்டை சரியில்லாத நாளில் '16 வயதினிலே' பாட்டு இவரிடம் வந்தது என்பார்கள். இன்னொருவருடைய தொண்டை கட்டியதால் திறந்த கதவு. ஊர்ப்பெயரைத் தன் பெயரில் சுமந்தவரை ஊர்ப் பட்டியல்கள் நான்காம், ஐந்தாம் இடத்திலேயே வைத்திருந்தன. என் நோட்டுகளில் எண்ணினேன்: அவர் இல்லாத வாரங்கள் குறைவு. அந்தக் குரல் வலது காது ஒன்றுக்கே தாராளமாகப் போதும். அதில் மண் இருக்கிறது, வெட்டுக்காட்டில் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குக் கூப்பிடுகிற குரல்.

இன்று இரைச்சல் சற்றுக் குறைந்ததுபோல் இருக்கிறது. மாலைக்குள் பழையபடி.

21 பிப்ரவரி, வெள்ளி

சில்வண்டுகள் கத்துகின்றனவா, காதா என்று சரஸ்வதியிடம் கேட்டேன். "காது" என்றாள்.

22 பிப்ரவரி, சனி

புது நோட்டு, முப்பத்து மூன்றாவது. மகாத்மா காந்தி கலாசாலைக்குப் போகிற வழியிலுள்ள கடையில் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) எண்பது.

நடுக்கோடு போடப்போய் நிறுத்தினேன். பிறகு போட்டேன்.

வாசுதேவன் ஒன்று. 'ப்ரியா' இரண்டு. தேன்மொழியின் பாட்டு ஏழு, பாஸுக்காக மட்டும். அவள் பாட்டை, சரஸ்வதியின் பாட்டைச் சொல்கிறேன், இந்த வாரம் மோனோவில் இரண்டு முறை கேட்டேன். நல்ல பாட்டு. இரண்டாவது சரணத்தில் புல்லாங்குழல் திரும்புகிற இடத்தை முப்பத்தைந்து ஆண்டாகக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் விதி மூன்று முறை. மாலையில் பாவக்காய் நறுக்கிக்கொண்டே அவள் முழுதாகப் பாடினாள், வலப்பக்கமாகத் திரும்பி நின்றேன். அதைக் கணக்கில் சேர்க்கலாமா?

மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

24 பிப்ரவரி, திங்கள்

மணி ஆறு நாற்பது. ஈப்போ, மறுபடியும் கண்ணாடி அறை. எம்ஆர்ஐக்கும் இன்று தேதி கொடுப்பார்களாம். சரஸ்வதி மாத்திரை அட்டை, சர்க்கரைக் கருவி, கோப்பிக் குடுவை எல்லாம் எடுத்துவைத்துவிட்டாள். பஸ்ஸில் சன்னலோர இருக்கை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவள் என் வலப்பக்கம் உட்கார