உங்க வார்த்தையா, அவங்க வார்த்தையா?

"இது உங்க வார்த்தையா, அவங்க வார்த்தையா?" என்று பிரிவுத் தலைவர் கேட்டார். "ரிப்போர்ட்ல இருக்கிறதுதான் சார்" என்றேன். "சரி" என்று காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மொத்தம் அரை நிமிடம்கூட இருக்காது. நான் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அந்தப் பதில் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

விசாரணை அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. இருப்புக் கணக்கில் ஒரு பக்கம் விடுபட்டுப்போன விவகாரம். மாலைக்குள் தமிழில் வேண்டும் என்றார்கள். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், இந்த விஷயத்தில் பிரிவுத் தலைவரின் 'ஓவர்சைட்' ஆராயப்பட வேண்டும் என்று ஒரு வரி. நான் 'கவனக்குறைவு' என்று போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் 'மேற்பார்வை' என்று போட்டிருக்கலாம். அந்தச் சொல்லுக்கு அகராதி இரண்டு பொருளையும் தருகிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், ஒரு மனிதரின் பெயர். மேற்பார்வை ஆராயப்பட வேண்டும் என்றால், அவர் சரியாகத்தான் செய்தாரா என்று இனிமேல்தான் பார்க்கப்போகிறார்கள். கவனக்குறைவு ஆராயப்பட வேண்டும் என்றால், குறை இருந்தது முடிவாகிவிட்டது; எவ்வளவு பெரியது என்பதுதான் பாக்கி. விசாரணை செய்தவர்கள் ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் சாயாமல் நின்ற இடத்தில், நான் தமிழில் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இதை உடனே மறுத்தும் சொல்கிறேன்: அவர்கள் நடுநிலையாகத்தான் எழுதினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்களும் கவனக்குறைவு என்று நினைத்தே எழுதியிருக்கலாம். ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். போடவில்லை. மணி நாலாகிவிட்டிருந்தது.

அன்று இரவு எனக்குச் சாதகமான வக்கீலைத் தேடுவது போல அகராதிகளைத் தேடினேன். 'ஓவர்' என்றால் மேலே, 'சைட்' என்றால் பார்வை. பதினான்காம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் தோன்றியபோது மேற்பார்வை என்ற பொருள்தான். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் 'பார்க்காமல் விட்டது' என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. 'ஓவர்லுக்' என்பதும் இப்படித்தான்: மேலிருந்து பார்ப்பது, பார்க்காமல் தாண்டிப்போவது, இரண்டுமே அதற்குள் உண்டு. கண்ணை மேலே தூக்கினால் எல்லாம் தெரியும். இன்னும் கொஞ்சம் தூக்கினால் காலடியில் இருப்பது தெரியாது. இரண்டு பொருளும் ஒரே அசைவில் பிறந்தவை.

'கிளீவ்' என்றொரு சொல் உண்டு. பிளப்பது என்றும் பொருள், ஒட்டிக்கொள்வது என்றும் பொருள். ஆனால் அது பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருந்த இரண்டு வினைகள், காலப்போக்கில் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தவை. அதை மன்னித்துவிடலாம். 'சாங்ஷன்' இன்னும் வேடிக்கை. லோன் சாங்ஷன் ஆனால் மகிழ்கிறோம், ஒரு நாட்டின்மேல் சாங்ஷன் என்றால் பொருளாதாரத் தடை. புனிதமாக்குதல், விதித்தல் என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து அனுமதியும் கிளைத்தது, தண்டனையும் கிளைத்தது. ஓவர்சைட் இந்த இரண்டாவது சாதி. ஒரே வயிற்றில் பிறந்த இரட்டை.

தமிழ் இப்படிக் குழப்பாது என்றுதான் முதலில் நினைத்தேன். மேற்பார்வை என்றால் மேற்பார்வை, கவனக்குறைவு என்றால் கவனக்குறைவு. ஆகவே தவறு ஆங்கிலத்தின்மேல். நல்ல வாதம், இரண்டு நாள் தாங்கியது. அப்புறம் ஒரு பழைய கோப்பில் 'மேலோட்டமாகப் பார்த்ததில்' என்று நானே எழுதியிருந்ததைக் கண்டேன். அதே 'மேல்', அதே பார்வை. மேற்பார்வை பார்த்தார் என்றால் பொறுப்பானவர், மேலோட்டமாகப் பார்த்தார் என்றால் பொறுப்பில்லாதவர். நம் மொழிக்கும் இந்த வழுக்கல் தெரியும், இரண்டுக்கும் தனித்தனிச் சட்டை மாட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

'கண்ணோட்டம்' அதைவிட மோசம். இன்று யாருக்கும் ஒரு கண்ணோட்டம் இருக்கலாம், அது வெறும் பார்வைக்கோணம். குறளில் அது ஓர் அதிகாரத்தின் தலைப்பு, இரக்கம் என்ற பொருளில். பிறர் தவறைக் கண்டும் பொறுத்துக்கொள்ளும் கண். அதற்கு அடுத்த அதிகாரம் ஒற்றாடல், அதாவது உளவு பார்த்தல். ஐம்பத்தெட்டில் கண்டும் பொறுத்துக்கொள், ஐம்பத்தொன்பதில் ஆள்வைத்துக் கண்காணி. வள்ளுவர் இரண்டுக்கும் ஆளுக்குப் பத்துக் குறள் ஒதுக்கினார். எனக்கு ஒரு சொல்லுக்கு ஒரு நொடிதான் இருந்தது என்று சொல்லிப் பார்க்கிறேன். சொல்லும்போதே சாக்குப்போக்காகத்தான் கேட்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரிவுத் தலைவர் அதற்கு முன்பு என் மொழிபெயர்ப்பை இரண்டு முறை சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பியவர். இரண்டு முறையும் அவர் சொன்னதுதான் சரி. 'கவனக்குறைவு' என் விரலுக்கு அவ்வளவு சுலபமாக வந்ததற்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று நம்புகிறேன். வேகத்தில் எழுதுபவனுக்கு வஞ்சம் வைக்க நேரமேது? ஆனால் வேகத்தில்தானே உள்ளே கிடப்பது வெளியே வரும் என்றும் தோன்றுகிறது.

சில வாரங்களில் அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த வரியால்தானா என்று தெரியாது. மாற்றல்கள் ஆயிரம் காரணத்துக்கு வரும். நான் யாரிடமும் கேட்கவில்லை.

இதோடு விட்டிருப்பேன். போன மாதம் வேறொரு வேலைக்காக அந்த ஆங்கில அறிக்கையை மறுபடி எடுக்கவேண்டி வந்தது. அந்த வரியில் இருந்தது 'ஓவர்சைட் ஆஃப்', அதன்பின் பிரிவுத் தலைவரின் பதவிப் பெயர். நான் ஆறாம் வேற்றுமையாக மட்டுமே படித்திருக்கிறேன், அவருடைய ஓவர்சைட் என்று. ஆங்கிலத்தின் 'ஆஃப்' இரண்டாம் வேற்றுமையையும் சுமக்கும். அவரை மேற்பார்ப்பது. அதாவது, அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரை எப்படி மேற்பார்த்தார்கள் என்பது ஆராயப்பட வேண்டும்.

அந்த வாசிப்பை எழுதியிருந்தால் காகிதம் கீழே போயிருக்காது, மேல் மாடிக்குப் போயிருக்கும். மேல் மாடியில் இருப்பவர்தான் என் மொழிபெயர்ப்புகளில் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போடுகிறவர். அன்றைக்கும் அவர்தான் போட்டார். இரண்டு நிமிடம் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போட்டார், நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த மூன்றாவது பொருள் அன்று நாலு மணிக்கே எனக்குத் தோன்றியிருந்தால் அதை எழுதி அவரிடம் நீட்டியிருப்பேனா என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.