கப்பல் கரையில் கட்டுமா, கடலில் நிற்குமா? அம்மாவோடு ஒரு கப்பல் பயணம்

நவம்பர் 8, 2025, சனி

ஒருவழியாக இன்று முன்பணம் கட்டியாயிற்று. சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் போர்ட் கிள்ளான், பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய், ஒரு நாள் முழுக்கக் கடலில் இருந்துவிட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கும் ஐந்து இரவுப் பயணம். அம்மா, நான், அக்கா மகள், மூன்று பேர். அம்மாவுக்கு 72 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டுக்குள் நடப்பார், தெருமுனை வரை போக வேண்டுமென்றால் நடுவில் எங்காவது உட்கார வேண்டும்.

இரண்டு வாரமாகப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: எல்லாரும் பால்கனி இருக்கிறதா, நீச்சல்குளம் எப்படி, என்ன ஷோ என்றுதான் பார்க்கிறார்கள். கால் முடியாதவரைக் கூட்டிப்போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு ஊரிலும் கப்பல் கரையில் கட்டுமா, கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்குமா என்பதைத்தான். கரையில் கட்டினால் சரிவுப் பாலம் வழியாகச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே இறங்கிவிடலாம். நங்கூரம் போட்டால் டெண்டர் என்கிற சின்னப் படகில் மாறித்தான் கரைக்குப் போக முடியும். அந்தப் படகு அலைக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், மின்சார நாற்காலியைப் பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள். பயண அட்டவணையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இது பொடி எழுத்தில் இருக்கும். இல்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள். புக்கெட்டில் சில கப்பல்கள் ஆவ் மாகாம் துறையில் கட்டும், சில பத்தோங் கடற்கரைக்கு எதிரே நிற்கும். எங்களுடையது பத்தோங். அம்மாவிடம் சொன்னேன். "ஒரு ஊர்ல நான் கப்பல்லயே உக்காந்துக்கிறேன், அதுக்காக மத்த ரெண்டு ஊரையும் விடணுமா?" என்றார். சரி என்று போட்டுவிட்டேன்.

சக்கர நாற்காலிக்கென்றே அகலமான கதவோடு இருக்கும் அறைகள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான், அவை முதலிலேயே போய்விடும். எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்குக் கிட்டத்தில் ஜன்னல் வைத்த அறையாகக் கேட்டு வாங்கினேன். ஆட்டம் குறைவாகத் தெரிகிற இடம் அதுதான். ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததும் யோசித்துத்தான். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் புக்கெட்டின் மேற்குக் கரை கொந்தளிக்கும், அப்போது டெண்டர் படகையே நிறுத்திவிடுவதும் உண்டு.

ஜனவரி 10, 2026, சனி

சிங்கப்பூர் விசா வந்துவிட்டது. அதில் பல முறை நுழையலாம் என்று போட்டிருக்கிறதா என்று மூன்று பேருடையதையும் தனித்தனியாகப் பார்த்தேன். கப்பல் ஏறிய நிமிடமே சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. இந்தியர்களுக்கு மலேசியா இந்த ஆண்டுக் கடைசி வரை விசா இல்லாமல் விடுகிறது. தாய்லாந்துக்கும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் இதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்புவதற்கு முன்பு கட்டாயம் ஒரு தடவை பாருங்கள். விசா இல்லாவிட்டாலும் வருகை அட்டை மூன்று நாட்டுக்கும் இணையத்தில் உண்டு. கப்பல் பயணிகள் எதை நிரப்ப வேண்டும், எதைக் கப்பல்காரர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

சக்கர நாற்காலி மடிக்கிற வகை, வாடகைக்கு எடுத்தேன். கடையிலேயே டேப் வைத்து அளந்தேன். விரித்தால் 24 அங்குலம், மடித்தால் 11. சாதாரண அறைக்கதவு 23 அங்குலம் வாக்கில்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஆக வாசலில் மடித்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும், வாசலில் இருந்து கட்டில் வரை அம்மா நடக்க வேண்டும். அது முடியும்.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ரைஸ் குக்கர் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், ஏறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். பயணக் காப்பீட்டில் கப்பல் பயணமும் சேருமா என்று பாலிசியைத் திறந்து படியுங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் பார்த்தால் டாலரில்தான் பில்.

ஜனவரி 18, ஞாயிறு

திருச்சியிலிருந்து நேராகச் சிங்கப்பூர். கப்பல் நாளைக்குத்தான். அதே நாள் காலையில் வந்து இறங்கினால் ஒரு இரவு ஓட்டல் காசு மிச்சம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. அந்த ஒரு இரவுக் காசைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். சிராங்கூன் ரோடு பக்கம் தங்கியிருக்கிறோம், அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்.

ஜனவரி 19, திங்கள்

சிங்கப்பூரில் கப்பல் துறை இரண்டு: ஹார்பர்ஃபிரன்ட் ஒன்று, மரீனா பே ஒன்று. டாக்சியில் ஏறும்போது எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். எங்களுடையது மரீனா பே. மரீனா சவுத் பியர் எம்ஆர்டி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் பெட்டிகளும் நாற்காலியுமாக நாங்கள் காரிலேயே வந்துவிட்டோம்.

பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்து சேர எங்களுக்கு ராத்திரி எட்டு மணி ஆயிற்று. மாத்திரை, இன்சுலின், ஒரு மாற்றுத் துணி, சார்ஜர் எல்லாம் கைப்பையில் இருந்ததால் பதற்றமில்லை. அறையில் அமெரிக்கத் தட்டைப் பின்னுக்கும் ஐரோப்பிய உருண்டைப் பின்னுக்கும் இடம் இருக்கிறது. நம் ஊர் இரண்டு பின் சார்ஜர் உருண்டைத் துளையில் போகிறது.

கப்பல் கிளம்புவதற்குள் போனை ஏரோபிளேன் மோடில் போட்டேன். நடுக்கடலில் கப்பலுக்கென்று ஒரு நெட்வொர்க் உண்டு, நமக்குத் தெரியாமலே அதில் ஒட்டிக்கொண்டால் ரோமிங் கட்டணம் தாளாது. கரையில் உபயோகிக்க மூன்று நாட்டுக்கும் சேர்த்து ஒரே இ-சிம் வாங்கியிருக்கிறோம்.

ஜனவரி 20, செவ்வாய். போர்ட் கிள்ளான்

கோலாலம்பூர் பக்கத்திலேயே என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் கட்டுவது இண்டா தீவில், சுற்றிலும் கண்டெய்னர் யார்டுதான், நடந்து போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. கோலாலம்பூர் 60 கிலோமீட்டருக்கு மேல். ரயில் இருக்கிறதே என்பார்கள், அந்த போர்ட் கிள்ளான் ஸ்டேஷன் இருப்பது தீவுக்கு வெளியே.

காலையில் கப்பலில் பாதிப் பேர் இரட்டைக் கோபுரத்துக்கும் பத்துமலைக்கும் பஸ் ஏறினார்கள். பத்துமலையில் 272 படி. அம்மா கீழே உட்கார்ந்து முருகனை அண்ணாந்து பார்ப்பதற்காகப் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று டிராஃபிக்கில் உட்காருவதில் எனக்கு மனமில்லை. கிராப் என்கிற போன் செயலியில் கார் பிடித்துக் கிள்ளான் டவுனுக்குப் போனோம். சுந்தரராஜப் பெருமாள் கோயில். மலேசியாவின் பெரிய பெருமாள் கோயில்களில் ஒன்று, விசாலமான பிராகாரம், சக்கர நாற்காலிக்குச் சிரமமே இல்லை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். அப்புறம் தெங்கு கெலானா சாலை, அது அங்கத்து லிட்டில் இந்தியா. மாலைக் கடையில் அம்மா மல்லிகை வாங்கித் தானும் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் வைத்துவிட்டார்.

திரும்பும்போது கார் கிடைக்க அரை மணி நேரம் ஆயிற்று. தீவுக்குள் வந்தால் காலியாகத் திரும்ப வேண்டுமே என்று டிரைவர்கள் எடுக்கத் தயங்குகிறார்கள். நாங்கள் மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்பியதால் கவலைப்படவில்லை. வந்த காரையே பேசி நிறுத்தி வைத்துக்கொள்வது நல்லது.

ஜனவரி 21, புதன். பினாங்கு

இந்தப் பயணத்தில் அம்மாவுக்கான ஊர் இதுதான். ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கட்டுகிறது, கேட்டைத் தாண்டினால் ஜார்ஜ்டவுன், பினாங்கின் முக்கிய நகரம். பஸ் வேண்டாம், டூர் வேண்டாம். வாசலிலேயே விக்டோரியா ராணிக்காகக் கட்டிய மணிக்கூண்டு, 60 அடி, அவர் ஆட்சியின் அறுபதாம் ஆண்டு விழாவுக்காக வருஷத்துக்கு ஒரு அடி. நிமிர்ந்து பார்த்தால் லேசாகச் சாய்ந்திருப்பது தெரியும், இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டினால் வந்த சாய்வு என்கிறார்கள்.

அங்கிருந்து இந்த ஊர் லிட்டில் இந்தியாவான லெபு பசார் பத்துப் பதினைந்து நிமிட நடை. ஆனால் சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, ஐந்தடி அகலம், வெயில் மழை படாது, படத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கும். அதில் ஒவ்வொரு கடைக்கும் தரை உயரம் வேறு. ஒரு கடைக்கு ஒரு படி ஏற வேண்டும், அடுத்த கடைக்கு அரைப்படி இறங்க வேண்டும், நடுவில் இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு சாமி மாடம், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். நாலாவது கடையிலேயே விட்டுவிட்டு ரோட்டில் இறங்கினேன். ரோட்டோரம் ஆழமான சாக்கடை, சில இடத்தில் மூடி இல்லை. அக்கா மகள் முன்னால் நடந்து வண்டிகளைக் கை காட்டி ஒதுக்க, நான் பின்னால் தள்ள, அரை கிலோமீட்டரில் எனக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று.

அப்புறம்தான் டிரைஷா பிடித்தோம். நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷா மாதிரி இல்லை, இங்கே சவாரி முன்னால், மிதிக்கிறவர் பின்னால். அம்மாவுக்கு முன்னால் மறைப்பே கிடையாது, தெரு முழுக்க அவர் மடியில் வந்து விழுகிற மாதிரி. உட்கார்ந்தவுடன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார், இரண்டாவது திருப்பத்தில் கையை விட்டுவிட்டார். ஏறும் முன்பே மணிக்கு எவ்வளவு என்று பேசிவிடுங்கள். மடித்த நாற்காலியை ஓட்டுநர் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார். நானும் அக்கா மகளும் இன்னொன்றில் பின்னாலேயே போனோம்.

குயின் தெரு மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. பக்கத்திலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. சீனர்களின் குவான் யின் கோயிலும் அதே சுற்றில். மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு அம்மாவுக்கு, நாசி கண்டார் எங்கள் இரண்டு பேருக்கும். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோறும் குழம்பும் காவடித் தடியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றார்கள், கண்டார் என்றால் அந்தத் தடிதான். நடக்க முடிகிறவர்களுக்கு கேட் (CAT) என்ற இலவச பஸ் ஊருக்குள் சுற்றுகிறது. பினாங்கு மலைக்கு 204-ஆம் எண் பஸ், ஆனால் மேலே போகும் ரயிலுக்கு வரிசை நீளம், கப்பல் நாளில் அரை நாளைத் தின்றுவிடும். இந்த ஊரில் அதற்காக நேரத்தைச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 22, வியாழன். புக்கெட்

இன்னும் கை நடுங்குகிறது, அதனால் முதலில் அதையே எழுதிவிடுகிறேன்.

காலையில் பத்தோங்குக்கு எதிரே கப்பல் நின்றது. அம்மா டெண்டர் படகை மேலிருந்து பார்த்தார். பக்கவாட்டுக் கதவில் இரண்டு பணியாளர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து, படகு மேலே வருகிற நேரம் பார்த்து "இப்போ" என்று சொல்லி ஏற்றுகிறார்கள். அம்மா, "நீங்க போயிட்டு வாங்க" என்றார். தன் பழைய எச்எம்டி கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டு, "போன்ல சார்ஜ் போயிரும், இதை வச்சுக்க" என்றார். மாத்திரை வேளைக்காகச் சிங்கப்பூரிலேயே கப்பல் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்த கடிகாரம்.

கடைசிப் படகு நாலரைக்கு. நாங்கள் கடற்கரையில் கால் நனைத்து, பங்லா சாலை வழியாக பன்சான் மார்க்கெட் வரை நடந்து, மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா மகள் போனைப் பார்த்து, "சித்தி, ரெண்டு நாப்பதுதான் ஆகுது, இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு, டவுனுக்குப் போயிட்டு வந்துரலாமா?" என்றாள். டுக்டுக்காரரிடம் விலை கேட்கவே ஆரம்பித்துவிட்டாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறக்கக் கையைத் தூக்கினேன். கடிகாரத்தில் மூன்று நாற்பது.

சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம், அதனால் மூன்று நாளாக எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கரை இறங்கியதும் போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது, கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது. "கப்பல் நேரம் மாறாது" என்று முந்தின இரவு அறையில் வைத்த தாளில் ஒரு வரி இருந்தது, நான் படித்தும் இருந்தேன். ஊரில் இறங்கி நடக்கும்போது கையில் இருக்கிற போன் சொல்வதைத்தான் மனசு நம்புகிறது.

அந்த வெயிலில் ஓட்டமும் நடையுமாகக் கடற்கரைக்கு வந்தால் படகுக்கு வரிசை, இருநூறு பேராவது இருப்பார்கள். கடைசிக்கு முந்தின படகில் ஏறினோம். கப்பல்காரர்கள் நடத்தும் டூரில் போனவர்கள் தாமதமானால் பொறுப்பு அவர்களுடையது. நாமாகச் சுற்றப் போனால் கப்பல் காத்திருக்காது. பாஸ்போர்ட் கப்பலில், அம்மா கப்பலில், நாங்கள் பத்தோங்கில் என்று ஆகியிருக்கும்.

போனில் நேரம் தானாக மாறுவதை நிறுத்தி வையுங்கள், முடிந்தால் கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் நகலும், அன்றைய தாளில் இருக்கும் துறைமுக ஏஜென்ட்டின் நம்பரும் பையில் இருக்கட்டும். அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று பத்தோங்கிலிருந்து மலை தாண்டிப் பழைய புக்கெட் டவுனுக்குப் போக நினைப்பவர்கள் காலையிலேயே போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். மாலையில் அந்த மலைப்பாதையில் வண்டிகள் நகராது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஜனவரி 23, வெள்ளி

கடல் அமைதி. அறைக் கணக்கைக் கவுன்டரில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன், நாங்கள் தொடாத ஒரு குளிர்பானம் சேர்ந்திருந்தது, சொன்னதும் எடுத்துவிட்டார்கள். கடைசி நாள் காலையில் அந்தக் கவுன்டரில் நிற்கவே முடியாது, முந்தின நாளே பாருங்கள். ஒவ்வொருவருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று சர்வீஸ் கட்டணம் தானாகச் சேரும், அதையும் முதலிலேயே பட்ஜெட்டில் போட்டுவிட வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை மறுபடி நிரப்பினோம்.

இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்க வேண்டும். நாளைக்கு உடுத்தப் புடவையும் செருப்பும் வெளியே இருக்கிறதா என்று அம்மா இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

ஜனவரி 24, சனி

சக்கர நாற்காலிக்காரர்களைத் தனியாக ஒரு இடத்தில் கூடச் சொல்லி அழைத்துப் போனார்கள், ஒன்பதரைக்கு வெளியே வந்துவிட்டோம். திரும்பும் விமானத்தை மதியத்துக்கு மேல் வைத்தது நல்லதாயிற்று, குடிநுழைவு வரிசையிலேயே ஒரு மணி நேரம் போயிற்று.

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தஞ்சாவூர்ச் சித்தப்பா இப்போதுதான் போன் செய்தார், மார்ச்சில் சித்தியோடு இதே மாதிரிப் போக வேண்டுமாம். சித்திக்கும் முழங்கால்தான். அவர் பார்த்திருக்கும் கப்பலின் அட்டவணையில் புக்கெட் என்று மட்டும் போட்டிருக்கிறது. ஆவ் மாகாமா பத்தோங்கா என்று திங்கட்கிழமை கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன், பணம் அதுவரை கட்ட வேண்டாம் என்றும். என்ன பதில் வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.