கொறங்காட்டில் ஒரு கலைஞர் இல்லம்: போட்டி நாட்குறிப்பு

ஜூன் 9

கட்டட வடிவமைப்புப் போட்டி ஒன்றுக்குப் பதிவு செய்துவிட்டோம். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே ஒன்பது ஏக்கர் கொறங்காடு, அதாவது மாடு மேய்கிற நிலம். தெற்கே தார் ரோடு, வடக்கே இட்டேரி என்கிற வேலிச் சந்துப் பாதை. அதில் ஒரே சமயத்தில் ஆறு கலைஞர்கள் ஓரிரு மாதம் தங்கி வேலை செய்ய ஓர் இல்லம் வரைய வேண்டும். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு ஸ்டூடியோ, பொதுவில் சமையலறையும் ஒரு கூடமும். கட்டடப் பரப்பு 900 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு ஏ1 ஷீட், ஒரு பக்கக் குறிப்பு, பெயருக்குப் பதில் பதிவு எண். கடைசி நாள் ஆகஸ்ட் 16.

நாங்கள் மூன்று பேர். நான், கூடப் படித்த கோபிக்காரத் தோழி, கல்லூரி முடிக்கப் போகும் தம்பி ஒருவன். பகலில் அவரவர் வேலை, இரவில் இது.

போட்டி விளக்கத்தில் இந்த நிலத்தை 'மனிதக் கை படாத இயற்கை' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. கொறங்காடு தானாக முளைத்த காடு இல்லை. கிளுவை நட்டு வேலி போட்டு, வெள்வேல மரத்தை ஆங்காங்கே விட்டு வளர்த்து, கொழுக்கட்டைப் புல்லை அழியவிடாமல் மாட்டை அளவாக மேயவிட்டு, தலைமுறை தலைமுறையாகக் குடியானவர்கள் ஆக்கிவைத்த மேய்ச்சல் நிலம் அது. காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. மாட்டை வெளியே ஓட்டிவிட்டுக் கட்டடம் கட்டினால், சில வருடத்தில் வேலி போய், சீமைக்கருவேல் ஏறி, கலைஞர்கள் பார்க்க வந்த நிலமே இருக்காது. எங்கள் வடிவமைப்பு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவிட்டேன்.

ஜூன் 15

நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். இட்டேரியின் இரண்டு பக்கமும் கிளுவை, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். நாங்கள் படலைத் திறந்து உள்ளே நுழைந்ததுமே பக்கத்துத் தோட்டத்து அப்பாரு (பெரியவர்) சத்தம் போட்டார்.

"படலைச் சாத்திட்டுப் போங்க கண்ணு, உள்ள மாடு இருக்குது."

நாலு மாடும் ஒரு காளைக்கன்றும் மேய்ந்துகொண்டிருந்தன. மேய்க்க ஆளில்லை. வேலி இருக்கிற தைரியத்தில் ராவும் பகலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். புல் மேலாகப் பார்த்தால் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருக்கிறது. குனிந்து விரலால் விலக்கினால் தூரில் பச்சை. ஒரு தூறல் போதும், அந்தப் பச்சை மேலே வந்துவிடும். வெள்வேலம் குடை விரித்து நின்றாலும் இலை பொடியானது. நிழலுக்குள்ளேயே வெயில் சல்லடையாக இறங்குவதால் மரத்தடியிலும் புல் இருக்கிறது. கோடையில் அதன் காய் மாட்டுக்குத் தீவனம்.

அப்பாரு வேலியைத் தட்டிக் காட்டினார். "போத்து வெட்டி நட்டு வுட்டா மழைக்குத் தழைஞ்சுக்கும். ஆனா வருசா வருசம் ஆளு வெச்சுச் சந்து அடைச்சுக்கிட்டே இருக்கோணும். இப்ப அந்த வேலைக்கு ஆளு எங்கீங்க?"

நடுவே ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேல் ஒரு பாறை. ஏறினால் சிவன்மலை தெரிகிறது. போட்டிக்கு வருகிற பெரும்பாலோர் கட்டடத்தை இதன்மேல்தான் கொண்டுபோய் வைப்பார்கள் என்று தோன்றியது. தோழி ஏற்கெனவே அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 21

இன்று சூரியன் வடகோடியில். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டுவைத்து உச்சிப் பொழுதில் நிழலைப் பார்த்தோம். நிழல் தெற்கே விழுந்தது. தம்பிக்கு நம்ப முடியவில்லை.

ஓவியர்களின் ஸ்டூடியோவுக்கு வடக்கு வெளிச்சம் நல்லது என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. ஐரோப்பாவில் அது சரி, அங்கே வடக்கு ஜன்னலில் நடுப்பகலில் ஒருநாளும் வெயில் விழாது. காங்கேயம் 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் கடைசியில் தலைக்கு மேலிருந்து வடக்கே 12 டிகிரி சாய்ந்து நிற்கிறது. ஏழடி உயர ஜன்னலுக்கு ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலாக சன்ஷேட் நீட்டினால் உச்சி வெயிலைத் தடுத்துவிடலாம். காலையும் மாலையும்தான் சிக்கல். அப்போது வெயில் வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் தாழ்வாக வருகிறது. அதற்கு ஜன்னலுக்கு ஜன்னல் செங்குத்தாகத் தடுப்புப் பலகைகள் வேண்டும். கருங்கல் பலகையே போதும். இந்தப் பக்கத்தில் வேலிக்கால் நடவும் திண்ணை போடவும் பலகைக் கல்லைப் பயன்படுத்துவது பழைய வழக்கம்.

ஜூன் 30

இரவு பதினொன்று வரை வாக்குவாதம். கேள்வி ஒன்றுதான்: பாறையா, வேலியா?

பாறை மேல் வைத்தால் ஷீட்டில் எடுப்பாக இருக்கும், நடுவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படும் என்கிறாள் தோழி. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாறைக்கு ரோடு போட வேண்டும், பைப் கொண்டுபோக வேண்டும், செப்டிக் டேங்க் வேண்டும். ஒன்பது ஏக்கரும் நடுவில் இரண்டாகப் பிளந்துவிடும். மாடு மேய இடம் இருக்கும், மேய்ச்சல் இருக்காது.

நான் வரைந்திருப்பது வடக்கு வேலியை ஒட்டி, கிழக்கு மேற்காக ஒரே நீளக் கட்டடம். நீளம் 75 மீட்டர், அகலம் திண்ணையோடு சேர்த்து 8 மீட்டர். அறைகளும் ஸ்டூடியோக்களும் ஒரே வரிசையில். தெற்கே நெடுக எட்டடித் திண்ணை, அதற்கு அப்பால் புல். டிசம்பர் உச்சி வெயில் திண்ணையில் ஐந்தடி ஏறி நின்றுவிடும், சுவரைத் தொடாது. பாறை யார் வேண்டுமானாலும் நடந்து போய் உட்கார்கிற இடமாக அப்படியே இருக்கட்டும். பொழுது சாய அங்கே போக யாருக்குத்தான் மனசு வராது?

கடைசியில் தம்பிதான் முடித்துவைத்தான். "அக்கா, பாறை மேல கட்டிட்டா அப்புறம் பாறையிலிருந்து எதைப் பார்க்கிறது, நம்ம கட்டடத்தையேவா?" தோழி சிரித்துவிட்டாள். சரி, வேலிதான்.

ஜூலை 7

முன்மாதிரிகளைப் புரட்டிய நாள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் 1907-இல் தொடங்கிய மெக்டவல், காட்டுக்குள் தனித்தனி ஸ்டூடியோக்கள் கொண்டது. மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து வாசலில் சத்தமில்லாமல் விட்டுப் போவார்கள். தனிமையை இவ்வளவு மதிக்கிற ஏற்பாட்டை நினைத்தாலே மரியாதை வருகிறது. ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமாகப் பட்டது செனகலில் சிந்தியான் கிராமத்தில் தோஷிகோ மோரி வடிவமைத்து 2015-இல் திறந்த 'த்ரெட்'. வருடத்தில் பல மாதம் மழையே இல்லாத ஊர். கலைஞர் தங்கும் இடத்தின் கூரையே மழைநீரைப் பிடித்துச் சேர்த்து ஊர்க்காரர்களுக்கும் தருகிறது. ஊர்க்கூட்டமும் அந்தக் கூரையின் கீழேதான் நடக்கிறது.

நம் பக்கத்தில், சென்னைக்கு அருகே, சோழமண்டலம் கலைஞர் கிராமம் இருக்கிறது. 1966-இல் அதை உருவாக்க முன்நின்ற கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் கோயமுத்தூரில் பிறந்தவர். அங்கே கலைஞர்கள் கைவினைப் பொருள் செய்து விற்ற காசில்தான் நிலமே வாங்கினார்கள். கைத்தொழிலும் கலையும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை.

ஜூலை 14

சென்னிமலைக்குப் போகிற வழியில் அறச்சலூர் நாகமலை ஏறினோம். குகைப் பாறையில் தமிழி எழுத்தில் ஒரு இசைக் கல்வெட்டு. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து, எல்லாம் ஆடலுக்குச் சொல்கிற அசைகள். இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் ஒரே மாதிரி படிக்கலாம். இதை அமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்கிறார்கள். நாணயமோ மணியோ உரசிப் பார்த்துத் தரம் சொல்வது அவன் தொழில். அதே ஆள்தான் தாளத்துக்குக் கட்டம் கட்டியிருக்கிறான்.

இறங்கும்போது முடிவு செய்தேன். எங்கள் ஆறு ஸ்டூடியோக்களில் இரண்டு இந்த மண்ணின் தொழில்காரர்களுக்கு. ஒன்று தறிக்காரருக்கு, ஒன்று கல்தச்சருக்கு. விளக்கத்தில் 'கலைஞர்' என்றுதான் இருக்கிறது. இவர்களும் கலைஞர்கள்தானே? கூலிக்கு நெய்கிறவர் இரண்டு மாதம் தனக்குப் பிடித்ததை நெய்து பார்க்க ஓர் இடம் எங்கே கிடைக்கிறது?

ஜூலை 20

ஆடி பிறந்து மூன்று நாள் கழிந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நிலத்தில் எப்படி அடிக்கிறது என்று பார்க்கவே போனோம். பேசுவது காதில் விழவில்லை. தம்பியின் டிரேசிங் தாள் பறந்துபோய்க் கிளுவை முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

மேற்குக் கோடிச் சுவரை ஜன்னலே இல்லாமல் ஒன்றரை அடிக் கருங்கல் கட்டாக மாற்றியாயிற்று. கூரைக்கு மங்களூர் ஓடு. அப்பாரு அதைக் கேட்டதும் தலையாட்டினார்.

"காத்து ஒருபக்கம் இருக்கட்டுங்க. மயிலு ஏறி ஓட்டைத் தள்ளிப்போடுமுங்க. எங்க சாளையில ரெண்டு வரிசை போச்சு."

ஆகவே ஓரத்து வரிசைகளிலும் முகட்டிலும் ஒவ்வோர் ஓட்டையும் கம்பியால் அதைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுவது என்று வரைபடத்திலேயே எழுதியிருக்கிறோம்.

கல்தச்சரின் கொட்டகைதான் அதிகம் யோசிக்க வைத்தது. கருங்கல் தூசு நுரையீரலுக்குக் கேடு, அது மற்றவர்கள் பக்கம் போகக் கூடாது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருகிறது, ஐப்பசிக்கு மேல் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறது. எனவே கட்டடத்தின் மேற்கிலும் வைக்க முடியாது, கிழக்கிலும் முடியாது. தெற்கே தார் ரோட்டு ஓரம்தான் சரி. ஒரு கன மீட்டர் கருங்கல் கிட்டத்தட்ட 2.7 டன் எடை. லாரி ரோட்டிலிருந்து நேராக இறக்கலாம், புல் மேல் டயர் ஏற வேண்டியதில்லை. மூன்று பக்கம் திறந்த கொட்டகை, நடுவில் செயின் புல்லி, உளிக்குத் தண்ணீர் சொட்டவிட ஒரு குழாய். திருமுருகன்பூண்டிச் சிற்பக் கூடங்களில் பார்த்ததை வைத்து அளவுகளைப் போட்டோம்.

ஜூலை 28

சென்னிமலையில் ஒரு நெசவாளர் வீடு. குழித்தறி. அவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டார். மிதி இரண்டும் குழிக்குள். விளிம்புச் சிமெண்ட் அவர் உட்காரும் இடத்தில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. நான் டேப்பைப் பிடித்து ஆழத்தை அளந்தேன். அவர் என் பிளானை வாங்கிப் பார்த்தார். குழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாஞ் செரிங்க. பாவு நீட்ட எடம் எங்கெங்க?"

இதுவரை நாங்கள் தறியை மட்டும் வரைந்திருந்தோம், தறிக்கு முந்தின வேலையை வரையவில்லை. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களை நீட்டி, கஞ்சி தடவிக் காய வைக்க நீண்ட நேரான இடம் வேண்டும். அதனால்தான் நெசவாளர் தெருக்கள் அவ்வளவு அகலமாக, நேராக இருக்கின்றன. திரும்பி வருகிற பஸ்ஸிலேயே தோழிக்குத் தோன்றிவிட்டது: நம் திண்ணை 75 மீட்டர் நேராகத்தானே ஓடுகிறது. தூணில் கொக்கி வைத்துவிட்டால் பாவு அங்கேயே நீட்டலாம். ஓவியரும் எழுத்தாளரும் அன்றைக்கு நூலுக்கு ஒதுங்கிப் போவார்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இனி இதுதான்.

ஆகஸ்ட் 4

தண்ணீர்க் கணக்கு. இந்தப் பக்கம் மழை வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். கூரை 600 சதுர மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் போனால் 2,88,000 லிட்டர். ஆறு கலைஞர், இரண்டு வேலையாட்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் வருடத்துக்கு 2,92,000. ஏறக்குறையச் சமம். போர்வெல் போடாமலே சமாளிக்கலாம் என்று சொல்ல முடிகிறது. இங்கே ஆயிரம் அடி துளைத்தும் புகை வருகிற நிலங்கள் உண்டு.

ஆனால் மழையில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வந்து முடிந்துவிடுகிறது. தையிலிருந்து சித்திரை வரை தாங்க ஒரு லட்சம் லிட்டர் தொட்டி வேண்டும். பொதுக் கூடத்தின் தரைக்குக் கீழே 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் ஆழம். முதல் மழைத் தண்ணீர் மயில் எச்சத்தோடு வரும், அது தனிக் குழாயில் வெளியே போய்விடும். தொட்டி நிரம்பி வழிவது மாட்டுத் தொட்டிக்கு.

ஆகஸ்ட் 11

ஷீட் வேலை. முதல் ஷீட்டின் மேல்பாதி முழுக்க ஒரே ஒரு செக்‌ஷன், அதாவது வெட்டுத் தோற்றம்: இட்டேரி, கிளுவை, கல் தடுப்பு, ஸ்டூடியோ, திண்ணை, புல், மாடு, பாறை. வரைபடத்தில் மாடு ஆளைவிடப் பெரிதாக இருக்கிறது, அளவுப்படியும் அப்படித்தான். கணினிப் படம் வேண்டாம், பென்சில் போதும் என்று மூவருமே ஒத்துக்கொண்டோம்.

ஆகஸ்ட் 16

ஒரு பக்கக் குறிப்பை நேற்று இரவு திரும்ப எழுதினேன். வருடாந்திரச் செலவுப் பட்டியலும் அதில் கேட்டிருந்தார்கள். எல்லோரும் மின்சாரம், பராமரிப்பு, சமையல் என்று தொடங்குவார்கள். எங்கள் பட்டியலின் முதல் வரி வேலி அடைக்கும் கூலி. இரண்டாவது, சீமைக்கருவேல் நாற்றைப் பிடுங்கும் கூலி. மேய்ச்சல் உரிமை நிலத்துக்காரரிடமே இருக்க வேண்டும் என்று தனிப் பத்தி. மாடு இல்லாத வருடம் புதிய கலைஞர்களை எடுக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறோம். நடுவர்களுக்கு இது கட்டடக் கலைக்கு வெளியே உள்ள சங்கதியாகத் தோன்றலாம் என்று தோழி தயங்கினாள். அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வேறு யாருடைய நிலத்திலும் போடக்கூடிய 75 மீட்டர் நீளக் கொட்டகை. அப்படியே விட்டுவிட்டோம், இருக்கட்டும்.

மதியம் மூன்றரைக்குப் பிடிஎஃப் ஏற்றியாயிற்று. முடிவு அக்டோபர் கடைசியில் சொல்வார்கள். தறிக்குழியின் விவரப் படத்தை மட்டும் பெரிதாக ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சென்னிமலைக்காரரிடம் காட்டி, தூணில் கொக்கி எந்த உயரத்தில் வர வேண்டும் என்று கேட்க வேண்டும்.