உழவு போக மிச்சமிருந்த கல்வட்டம்

கல்வட்டம் தோண்டப் போகிறோம் என்று எங்கள் தொல்லியல் துறையில் சொன்னபோது என் மனதில் இருந்த படமே வேறு. பெரிய பெரிய கற்கள் வட்டமாகப் பதிந்திருக்கும், நடுவில் கற்குவை மேடாக எழும்பி நிற்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தது காய் பிடுங்கி முடித்த ஒரு வேர்க்கடலைக் கொல்லை. மேடும் இல்லை, கல்லும் இல்லை. சிவந்த மண்ணில் நகம் அளவு பானை ஓடுகள் மட்டும் கிடந்தன.

ஊர் செங்குன்றத்தைத் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை, புதையல் என்று காதில் விழுந்தால் இரவோடு இரவாகக் கடப்பாரையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எண்ணூர்க்காரி. அதே கொசஸ்தலை எங்கள் முகத்துவாரத்தில்தான் கடலில் கலக்கிறது. சின்ன வயதில் எனக்கு அந்த ஆறு என்றால் அத்தை இறால் பிடிக்கிற இடம், அவ்வளவுதான். ஆனால் இந்தப் படுகையில் இருக்கிற அத்திரம்பாக்கத்தில் 1863-லேயே ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்திருக்கிறார், அங்கே கிடைத்தவற்றில் சில 15 லட்சம் ஆண்டு வரை பழமையானவை என்று பிறகு கணித்தார்கள். அதோடு ஒப்பிட்டால் எங்கள் கல்வட்டம் நேற்றைய சங்கதி, இரும்புக் காலத்து ஈமச்சின்னம். இருந்தாலும் எங்கள் ஆற்றின் மேல்கரையில் செத்தவர்களை இவ்வளவு பாடுபட்டு அடக்கம் செய்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அனுமதி, காகிதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும், நிலத்துக்காரர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், பயிருக்கு நஷ்டஈடு பேச வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடியாமல் குழி வெட்ட முடியாது. பொங்கல் கழித்துத்தான் இறங்கினோம்.

நிலத்துக்காரர் எழுபது வயதுப் பெரியவர். முதல் நாளே வரப்பில் உட்கார்ந்து கதையைச் சொல்லிவிட்டார். "எங்க நைனா காலத்துல இடுப்பு ஒசரத்துக்குக் கல்லு குமிஞ்சு கெடக்கும் பாப்பா. பாண்டவர் குழின்னு சொல்லி உச்சி வேளையில அந்தப் பக்கம் விடமாட்டாங்க. டிராக்டர் வந்தப்புறம்தான் எல்லாம் போச்சு. சட்டிக் கலப்பை ரெண்டு தடவ மாட்டிக்கிச்சு, சங்கிலி போட்டு இழுத்து வரப்புல தள்ளிட்டோம்." நாங்கள் உட்கார்ந்திருந்ததே அந்தக் கற்களின் மேல்தான். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கல் நிற்கிற இடத்தில் கடலை விளையாது, அவருக்கு இருந்ததே ஒன்றரை ஏக்கர்.

டம்பி லெவல் என்கிற மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தபோது கொல்லையின் நடுவில் 30 செ.மீ. மட்டும் உயர்ந்திருந்தது தெரிந்தது, கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஓடுகள் அதிகம் கிடந்ததும் அந்த இடம்தான். அங்கே நடுமுளை அடித்து, வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் கயிறு கட்டி நான்காகப் பிரித்தோம். எதிரெதிரான இரண்டு கால்பகுதிகளை மட்டும் தோண்டுவது, இடையில் அரை மீட்டர் அகலத்துக்கு மண்சுவரை அப்படியே விடுவது என்று முடிவு. அந்தச் சுவரின் பக்கவாட்டில்தான் மண்ணடுக்குகள் முழுசாகத் தெரியும், மேடு எப்படி எழுந்தது எப்படிக் கரைந்தது என்பதை அதில்தான் படிக்க முடியும்.

இங்கேதான் ஒரு தவறு செய்தோம். மேல் 25 செ.மீ. உழவு மண், கலைந்த மண், அதில் ஒன்றும் இருக்காது என்று மண்வெட்டியால் வெட்டி, பாண்டில் அள்ளி, சலிக்காமல் ஓரத்தில் கொட்டினோம். மூன்றாம் நாள் மத்தியானம் வேலைக்கு வந்த ஆயா ஒருவர் அந்தக் குவியலிலிருந்து எதையோ எடுத்து முந்தானையில் துடைத்து, "இது இன்னா கண்ணு, செவப்பா மினுக்குது" என்று நீட்டினார். சூதுபவளம் என்கிற சிவப்புக் கல்லில் செய்த மணி, நடுவில் துளையோடு. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எந்தக் கட்டத்தில், எந்த ஆழத்தில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாள் வேலையை நிறுத்திவிட்டு மொத்தக் குவியலையும் சலித்தோம், இன்னும் இரண்டு மணியும் ஒரு கை ஓடுகளும் வந்தன. அதன் பிறகு மிச்சமிருந்த உழவு மண்ணை ஒரு மீட்டர் கட்டம் கட்டமாக எடுத்து, சலித்து, ஓடுகளை எண்ணி எடை போட்டோம். கலப்பை ஓடுகளை நகர்த்துமே தவிர ஊரைவிட்டு ஊர் கொண்டுபோகாது. எடையை வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது நடுமுளைக்குக் கொஞ்சம் மேற்கே கனமாகக் குவிந்திருந்தது. செத்தவரின் எலும்புகளை வைத்துப் புதைத்த பெரிய பானையான தாழி இருந்ததும் அங்கேதான்.

உழவு மண்ணுக்குக் கீழே கெட்டி மண் வந்ததும் கலப்பை கீறிய தடங்கள் கோடு கோடாகத் தெரிந்தன. வட்டக் கற்கள்தான் இல்லை. ஆனால் ஒரு கல்லைப் பிடுங்கினாலும் அது நின்ற குழி அங்கேயே இருக்கும், வேறு மண் விழுந்து அதை மூடியிருக்கும், அவ்வளவுதான். காலை ஆறரைக்கே போய் வெயில் சாய்வாக விழும்போது தரையைக் கரணையால் சுரண்டி, தண்ணீரைப் பூவாளியில் லேசாகத் தெளித்து, ஈரம் காய்கிறபோது நிறம் எங்கே மாறுகிறது என்று பார்க்க வேண்டும். நான்கு நாள் பார்த்தும் எனக்குக் கண்ணில் படவில்லை. ஐந்தாம் நாள் மண்டி போட்டுக் கையால் தடவிக்கொண்டே போனேன். எங்கள் ஊரில் பெண்கள் பறி என்கிற ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு கழிமுகச் சேற்றில் இரண்டு கையாலும் தடவித்தான் இறால் பிடிப்பார்கள். அத்தையோடு இறங்கி நானும் பழகியிருக்கிறேன். விரலுக்கு எது மெத்தென்று இருக்கிறது, எது எதிர்க்கிறது என்று தெரியும். ஓர் இடத்தில் மண் விட்டுக்கொடுத்தது. சுற்றிலும் கெட்டி, நடுவில் தளர்வு, ஓரத்தில் அண்டை கொடுத்து வைத்த சின்னக் கற்கள். கல் நின்ற குழி! அடுத்தது ஒன்றரை மீட்டர் தள்ளி. ஒரு வாரத்தில் இரண்டு கால்பகுதிகளிலும் சேர்த்து ஏழு குழிகள், வளைவாக. நூல் பிடித்துப் பார்த்தால் 9 மீட்டர் விட்டம். அன்று சாயங்காலம் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் ஒவ்வொரு குழியாகப் போய் நின்று, வரப்பைத் திரும்பிப் பார்த்து, எந்தக் கல் எங்கே நின்றிருக்கும் என்று தானே யோசித்துக்கொண்டிருந்தார்.

தாழியின் தலையைக் கலப்பை கொண்டுபோய்விட்டது. வாயும் தோளும் இல்லை, வயிற்றுக்குக் கீழே மட்டும் குழிக்குள் அப்படியே இருந்தது. திறப்பதற்கு முன்னால் வேலைக்கு வந்த அக்காக்கள் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள், நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். உள்மண்ணை ஐந்து ஐந்து செ.மீ. ஆக எடுத்தோம். கையுறை, முகக்கவசம் இல்லாமல் யாரும் கிட்டே போகவில்லை, நம் மரபணு எலும்பில் ஒட்டிவிடக் கூடாது. எலும்புகள் சில துண்டுகள்தான், நனைந்த பிஸ்கட் மாதிரி பொடியும் நிலையில். பக்கத்தில் ஒரு கருப்பு-சிவப்புக் கிண்ணம். அதைக் கவிழ்த்துவைத்துச் சுட்டதால் காற்றுப் படாத உள்பக்கமும் வாய்விளிம்பும் கருப்பு, காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவப்பு. அடியில் துருவேறிய ஒரு சின்ன இரும்புக் கத்தி. கரித்துண்டு இரண்டு கிடைத்தது, அலுமினியத் தாளில் மடித்துக் காலக்கணிப்புக்கு அனுப்பியிருக்கிறோம்.

மிச்ச இரண்டு கால்பகுதிகளையும் தொடவில்லை, நம்மைவிட நல்ல கருவிகளோடு பின்னால் வருகிறவர்களுக்கு அது இருக்க வேண்டும். குழிகளில் மணல் பரப்பி மூடிவிட்டு வந்தோம். பெரியவர் இனி அந்த இடத்தில் ஆழமாக உழுகிற சட்டிக் கலப்பை விடுவதில்லை, மேலோடு மட்டும் கிளறுகிற ஒன்பது கொழுக் கலப்பைதான் என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது வேலை பழைய வண்ணாரப்பேட்டையில், துறைக்குக் கிடைத்த ஒரு ஹாலில். ஓடுகளைக் கழுவி நிழலில் உலர்த்தி, எண் எழுதி, வாய்விளிம்புகளை வரைபடத்தாளில் வரைகிறோம். கத்தியை மட்டும் கழுவவே இல்லை. கடல்காற்று இரும்பை என்ன செய்யும் என்று எண்ணூரில் ஜன்னல் கம்பி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும், உப்பு ஏறினால் உள்ளே இருக்கிற மிச்ச இரும்பும் செதில் செதிலாகப் போய்விடும். அதனால் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறோம். ஜெல்லின் நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகிவிடும். சனிக்கிழமைதோறும் நான் போய்ப் பார்க்கிறேன், நிறம் மாறியிருந்தால் புது மணிகளைப் போட்டுவிட்டு, பழையதைச் சூடேற்றி மறுபடி நீலமாக்கி எடுத்து வைக்கிறேன்.