தனி சபை போதகர்களே, அடக்கத்துக்கு இடம் பாத்து வெச்சிருக்கீங்களா?

எந்தப் பெரிய திருச்சபையோடயும் சேராம சின்னதா தனி சபை நடத்துற போதகர்கள் யாரா இருந்தாலும் நாளைக்கே ஒரு காரியம் பண்ணுங்க, உங்க விசுவாசிகள்ல ஒருத்தர் இறந்தா எங்க அடக்கம் பண்ணுவீங்கன்னு இப்பவே விசாரிச்சு வைங்க. போன மாசம் எங்க சபையில வயசான அம்மா ஒருத்தங்க கர்த்தருக்குள்ள நித்திரையானாங்க, அப்போ நாங்க பட்ட பாடு இன்னும் மனசுல ஆறல.

ஃப்ரீசர் பாக்ஸ், பெட்டி, பந்தல் எல்லாம் வாலிபர்களே பாத்துக்கிட்டாங்க. இடம்தான் கிடைக்கல.

பக்கத்து ஊர் பழைய சபைக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கேன்னு போனேன். எங்க அங்கத்தினருக்கு மட்டும்தான், அதுவும் சந்தா பாக்கி இல்லாதவங்களுக்குத்தான்னு செயலர் வாசல்லயே நிப்பாட்டிச் சொல்லிட்டாரு. நாம எல்லாரும் ஒரே ஆண்டவரைத்தானே ஆராதிக்கிறோம்னு கெஞ்சினேன், கமிட்டி ஞாயித்துக்கிழமைதான் கூடும் பாஸ்டர்னாரு. ஞாயிறு வரைக்கும் உடலை வெச்சிருக்க முடியுமா?

ஊர் மயானத்துக்குப் போனா பங்காளிங்க மறிச்சாங்க, ஊரைக் கேட்டா மதம் மாறுனாங்க, இப்ப மட்டும் ஊர் இடம் வேணுமான்னு. அந்த அம்மாவோட மகன்கள் ரெண்டு பேரும் சபைக்கு வராதவங்க, ஆனாலும் அம்மா ஆசைப்படிதான் நடக்கணும்னு அசையாம நின்னாங்க. அந்தப் பிள்ளைங்களை நான் மறக்கவே மாட்டேன்.

விசுவாசி ஒருத்தர் தன் தோட்டத்துலயே இடம் தர்றேன்னாரு. தயவுசெஞ்சு இந்த வழிக்கு அவசரப்பட்டுப் போயிராதீங்க. வீடோ குடிதண்ணி எடுக்குற இடமோ 90 மீட்டருக்குள்ள இருந்தா லைசென்ஸ் இல்லாத இடத்துல புதைக்கக்கூடாதுன்னு கிராம ஊராட்சி விதியே இருக்கு, அவர் தோட்டத்துல கிணறு பக்கத்துலயே இருந்துச்சு. இப்படிப் புதைச்ச உடலைத் தோண்டி எடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்ட கேஸ் நம்ம தமிழ்நாட்டுலயே உண்டு.

விஏஓகிட்ட போனா, சாதிச் சான்றுல இந்துன்னு இருக்கு, நான் ஒண்ணும் பண்ண முடியாது, தாசில்தாரைப் பாருங்கன்னு அனுப்பிட்டாரு. தாசில்தார் மீட்டிங்ல. பெஞ்சுல உக்காந்திருக்கேன், வீட்டுல இருந்து போன் மேல போன், பாஸ்டர் எப்ப வருவீங்க, மக ஓயாம அழுறா, வந்து ஜெபம் பண்ணுங்கன்னு. அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்துல இருக்கவேண்டிய நேரத்துல நான் தாலுகா ஆபீஸ்ல இருந்தேன், அதுதான் எனக்கு இப்பவும் தாங்கல. சத்தீஸ்கர் பஸ்தர்ல ஒரு போதகரோட உடலே 2025 ஜனவரி 7ல இருந்து மார்ச்சுவரியில கிடந்து, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, ரெண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லி, கடைசியில 27ஆம் தேதி வேற ஊர்க் கிறிஸ்தவக் கல்லறையில அடக்கம் பண்ணச் சொன்னாங்களே, அதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு.

அப்பதான் வருவாய் ஆய்வாளர் அம்மா ஒருத்தங்க என்ன விஷயம்னு கேட்டாங்க, கேட்டுட்டு எங்க ஊர் 'அ' பதிவேட்டை, அதான் எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம்னு எழுதியிருக்கிற வருவாய்த்துறை கணக்கை, எடுத்துப் பாத்தாங்க. அந்த சர்வே நம்பருக்கு நேரா மயானம்னு மட்டும்தான் இருக்கு, எந்தச் சாதிக்கும் எந்த மதத்துக்கும்னு ஒரு வார்த்தை இல்ல! தாசில்தார் வந்ததும் அதைக் காட்டுனாங்க, அவர் ஊராட்சித் தலைவருக்கும் ஸ்டேஷனுக்கும் போன் போட்டாரு, சாயங்காலமே ரெண்டு போலீஸ்காரங்க நிக்க மயானத்தோட கிழக்கு ஓரத்துல அடக்க ஆராதனை நடத்தினோம். பாட்டு சத்தமா பாடினோம், யாரும் ஒண்ணும் சொல்லல.

உங்க ஊர் மயான சர்வே நம்பருக்கு 'அ' பதிவேட்டுல என்ன இருக்குன்னு இ-சர்வீசஸ் வெப்சைட்லயே பாக்கலாம், பாத்து பிரிண்ட் எடுத்து வைங்க. ஞானஸ்நானப் பதிவேடு சரியா இருக்கட்டும். வயசானவங்ககிட்ட தன்னை எப்படி அடக்கம் பண்ணணும்னு எழுதி வாங்கி, பிள்ளைங்களையும் கையெழுத்துப் போட வைங்க. ஆபீஸுக்கு அலைய சபை மூப்பர் ஒருத்தரைத் தயார் பண்ணுங்க, போதகர் துக்க வீட்டுல இருக்கணும். இறப்பை 21 நாளைக்குள்ள பதிஞ்சிருங்க, அதுல எங்களுக்குப் பிரச்சினை வரல.

இப்ப சுத்துவட்டார சின்ன சபைகள் எல்லாம் சேந்து, பொதுவா ஒரு கிறிஸ்தவக் கல்லறைக்குப் புறம்போக்கு இடம் கேட்டு கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு குடுத்திருக்கோம். இப்படி இடம் வாங்கின போதகர்கள் யாராவது இருந்தா என்னென்ன பேப்பர் கேட்டாங்கன்னு சொல்லுங்க, ரொம்ப உதவியா இருக்கும்.